மாவு உரியாத முட்டை போண்டா: வீட்டில் செய்ய ஒரு முழு வழிகாட்டி

சாயங்காலம் நாலு மணிக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் டீக்கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். மேல் தட்டில் மசால் வடை, மெதுவடை. கீழே வாழைக்காய் பஜ்ஜி. ஒரு ஓரத்தில், எண்ணிக்கையில் எப்போதும் குறைவாக, உருண்டை உருண்டையாக முட்டை போண்டா. பத்துப் பன்னிரண்டுதான் போட்டிருப்பார்கள், ஐந்தரைக்குள் தீர்ந்துவிடும். எனக்கு அந்த ஓரத்தின் மேல்தான் கண்.

வீட்டில் அதைச் செய்து பார்த்தவர்களுக்கு ஒரு குறை தெரிந்திருக்கும். கடையில் கடித்தால் மொறுமொறுப்பான மேல் மாவும் முட்டையும் ஒன்றாக வாயில் வரும். வீட்டில் கடித்தால் மாவு ஓடு போலத் தனியாகக் கழன்று கையில் நிற்கும், முட்டை வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். எங்கள் வீட்டிலும் பல மழைக்காலம் இப்படியே போனது. சோள மாவு சேர், மைதா சேர், மாவை இன்னும் கெட்டியாகக் கரை என்று யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

தஞ்சாவூர் பக்கம் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. அரை மணி நேரம் அடுப்பை ஒட்டியே நின்றேன். வடை மாஸ்டர் உரித்த முட்டைகளை ஒரு துண்டின் மேல் பரப்பி, உள்ளங்கையால் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முட்டையும் பளபளப்பு போய் மங்கலாகும்வரை உருட்டினார். அப்புறம் தட்டில் இருந்த உலர்ந்த மாவில் ஒரு புரட்டு, இரண்டு விரலால் ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் கரைத்த மாவுக் குண்டானைப் பக்கத்தில் இழுத்தார். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். “ஈர முட்டையில மாவு நிக்காதுங்க” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு போண்டாவில் மாவு உரியவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முழு முட்டையை முக்கிப் போட்டால் போண்டா, பாதியாக வெட்டிப் போட்டால் பஜ்ஜி என்பது நான் பார்த்த வழக்கம். சில கடைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். இங்கே முழு முட்டையைத்தான் விரிவாகச் சொல்கிறேன். வெட்டிப் போடுவதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

ஆறு முட்டைக்குக் கணக்கு இது. கடலை மாவு 150 கிராம், அதாவது வீட்டுக் கோப்பையில் ஏறக்குறைய ஒன்றரை. பச்சரிசி மாவு குவியலாக 3 மேசைக்கரண்டி. மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, பெருங்காயத் தூள் அரைத் தேக்கரண்டி, ஓமம் கால் தேக்கரண்டி, ஆப்ப சோடா இரண்டு சிட்டிகை. முட்டையில் தூவ மிளகுத் தூள் கொஞ்சம். பொரிக்க அரை லிட்டர் எண்ணெய். உலர்ந்த மாவில் புரட்டுவதற்கென்று 2 மேசைக்கரண்டி அரிசி மாவைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடலை மாவுதான் இதில் எல்லாம். முடிந்தால் கடலைப் பருப்பை வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் மாவு மோசமில்லை. ஆனால் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல மாவில் பருப்பின் வாசனை லேசான இனிப்போடு வரும். பழைய மாவு காறல் அடிக்கும். அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. இன்னொன்று, கடலை மாவில் பட்டாணி மாவு கலப்பது நெடுநாளாக நடக்கிற கலப்படம். அதனால் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது.

அரிசி மாவு மொறுமொறுப்புக்காக. கடலை மாவை மட்டும் போட்டால் வாணலியிலிருந்து எடுத்தபோது நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். அரிசி மாவு அதிகமானாலோ கடக்கென்று கல் மாதிரி ஆகிவிடும். ஐந்து பங்கு கடலை மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு என்பது பலமுறை செய்து நான் வந்து நின்ற அளவு.

முட்டையை வேகவைப்பது

அன்று போட்ட முட்டை வேண்டாம். கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களும், நாமக்கல் போல முட்டைக்குப் பேர்போன ஊரில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புது முட்டையை உரித்தால் வெள்ளைக் கரு ஓட்டோடு பிய்ந்துகொண்டு வரும். முட்டை வைக்க வைக்க அதிலிருந்து கரியமில வாயு மெல்ல வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதன் பிறகுதான் ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வு வெள்ளைக் கருவை விடும். ஒரு வாரம் ஆன முட்டை உரிப்பதற்கு வாகாக இருக்கும். எத்தனை நாள் ஆனது என்று தெரியாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக்கொண்டால் புதுசு. அடியைத் தொட்டபடி குத்திட்டு நின்றால் நமக்கு ஏற்றது. மிதந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

போண்டாவுக்கு மேல்புறம் பிய்யாத முட்டை முக்கியம். பிய்ந்த இடத்தில் ஈரம் தேங்கும், மாவும் ஒழுங்காக உட்காராது.

பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பைப் பற்றவைப்பது நம் வீடுகளில் வழக்கம். உரிப்பது எளிதாக வேண்டுமானால் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டையை ஒவ்வொன்றாகக் கரண்டியில் வைத்து இறக்குங்கள். திடீரென்று சூடு படும்போது வெள்ளைக் கருவின் வெளிப்புறம் சட்டென்று கெட்டியாகிவிடுவதால் சவ்வோடு ஒட்டாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டை என்றால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் கொதிநீரில் விரிசல் விடும். மிதமான கொதியில் 10 நிமிடம். அதிகம் போனால் 11.

இதற்கு மேல் போகாதீர்கள். மறந்து இருபது நிமிடம் விட்ட முட்டையை வெட்டினால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக ஒரு வளையம் இருக்கும். வெள்ளைக் கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நாற்றம் வரும், கருவும் நெஞ்சை அடைக்கிற மாதிரி வறண்டு போயிருக்கும். எண்ணெயில் இன்னும் மூன்று நாலு நிமிடம் இருக்கப் போகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெந்ததும் சுடுதண்ணீரைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். அகலமான முனையில் தட்டி உடைத்து அங்கிருந்து உரிக்கத் தொடங்குங்கள். காற்றறை அந்தப் பக்கம்தான் இருக்கும், சவ்வு எளிதாகக் கையில் அகப்படும்.

துடைப்பது, குத்துவது, புரட்டுவது

மாஸ்டரிடம் பார்த்தது இந்த இடம். பருத்தித் துணியில் முட்டைகளை உருட்டி ஈரத்தை எடுங்கள். தொட்டால் வழுக்கக் கூடாது, ரப்பர் பந்தைத் தொட்ட மாதிரி கொஞ்சம் பிடிப்பு தெரிய வேண்டும். துடைத்த பிறகும் பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் மேற்கொண்டு எதைச் சரியாகச் செய்தும் பயன் இருக்காது. ஈரம் எண்ணெயின் சூட்டில் ஆவியாகி, மாவுக்கும் முட்டைக்கும் நடுவே இடம் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளிதான் பிற்பாடு மாவு ஓடாகக் கழன்று வருவதற்குக் காரணம்.

அடுத்தது குத்துவது. ஒருமுறை மாவு சரியாக மூடாமல் ஒரு முட்டையை எண்ணெயில் விட்டேன். ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பிறகு பட்டென்று வெடித்து, என் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்தது. அந்தத் தழும்பு போக மூன்று மாதம் ஆனது. முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது வெளியேற வழி வேண்டும், வழியில்லாவிட்டால் அதுவே உடைத்துக்கொண்டு வரும். அதனால் முள்கரண்டியாலோ பல் குத்தும் குச்சியாலோ ஒவ்வொரு முட்டையிலும் நாலைந்து இடத்தில் மஞ்சள் கருவரை போகும்படி குத்துங்கள். சிறு பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

குத்தியாயிற்றா? சரி, ஒரு சிட்டிகை உப்பும் மிளகுத் தூளும் முட்டைமேல் தூவிக் கையால் தடவுங்கள். முட்டைக்குத் தனியாகச் சுவை இல்லாவிட்டால் கடிக்கும்போது உள்ளே சப்பென்று இருக்கும். அப்புறம் தட்டில் வைத்த அரிசி மாவில் புரட்டி எடுத்து, அதிகப்படியைத் தட்டி உதறிவிடுங்கள். மெல்லிய பவுடர் பூசியது போல இருந்தால் போதும். மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தை அந்த மாவு குடித்துவிடும். கரைத்த மாவுக்கும் பற்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பு கிடைக்கும்.

மாவின் பதம்

கடலை மாவு, அரிசி மாவு இரண்டையும் சலித்துக்கொள்ளுங்கள். மிளகாய்த் தூள், உப்பு, பெருங்காயம், உள்ளங்கையில் கசக்கிய ஓமம் எல்லாவற்றையும் உலர்வாகவே கலந்துவிடுங்கள். தண்ணீரை மொத்தமாக ஊற்ற வேண்டாம். முதலில் 100 மில்லி ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்தால் கட்டிகள் நசுங்கிவிடும். அதன் பிறகு 50 மில்லி, அப்புறம் கரண்டி கரண்டியாக. மாவின் அரவையைப் பொறுத்து மொத்தம் 150 முதல் 180 மில்லிவரை பிடிக்கும்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? வாழைக்காய் பஜ்ஜி மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிட இளக்கம். இட்லி மாவு நன்றாகப் புளித்து நிற்கும்போது இருக்குமே, கிட்டத்தட்ட அது. ஒரு கரண்டியை முக்கி எடுத்துத் திருப்பிப் பிடியுங்கள். மாவு கரண்டியின் முதுகை மூடியிருக்க வேண்டும். விரலால் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரண்டு பக்க மாவும் ஓடி வந்து சேராமல், கோடு அப்படியே நிற்க வேண்டும். சேர்ந்துவிட்டால் இளகிவிட்டது என்று அர்த்தம், ஒரு கரண்டி கடலை மாவு தூவுங்கள். கோட்டின் ஓரம் திட்டுத் திட்டாகப் பிய்ந்தால் கெட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

இப்போது கையாலோ கடைகிற கம்பியாலோ மூன்று நிமிடம் ஒரே திசையில் நன்றாக அடியுங்கள். நிறம் கொஞ்சம் வெளுக்கும், மாவு லேசாகும். அப்படியே பத்து நிமிடம் மூடி வையுங்கள். சோடாவைப் பொரிப்பதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும், முன்பே போட்டால் அதன் வேகம் கிண்ணத்திலேயே போய்விடும். இரண்டு சிட்டிகைக்கு மேல் தொடாதீர்கள். சோடா கூடினால் மாவு எண்ணெயைக் குடிக்கும், சீக்கிரம் கறுக்கும், நாக்கில் சோப்பு மாதிரி ஒரு சுவை தங்கும். கடைசியாக, காய்ந்த எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து மாவில் ஊற்றிக் கலக்குங்கள். சுர்ரென்று சத்தம் வரும். மேல் மாவு கரகரப்பாக வர இது உதவும்.

பொரிப்பது

அடி கனமான இரும்பு வாணலி இருந்தால் அதுவே நல்லது, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை முக்கால்வாசியாவது மூழ்கும் அளவுக்கு எண்ணெய் வேண்டும். அதனால் அகலத்தைவிட ஆழமான வாணலியாக எடுங்கள். சுத்திகரித்த கடலை எண்ணெய் எனக்குப் பிடித்தது, சூரியகாந்தி எண்ணெயும் சரிதான்.

சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியில் போய் இரண்டு நொடி நின்று, பிறகு பொரிந்துகொண்டு மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் காயவில்லை. விட்ட உடனே மேலே வந்து சிவந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

ஒரு முட்டையை மாவில் போட்டுக் கரண்டியால் மேலே மாவை அள்ளி விடுங்கள். எங்கேயும் வெள்ளை தெரியக் கூடாது. குழிக்கரண்டியாலோ விரல் நுனிகளாலோ எடுத்து, எண்ணெயின் மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய் நழுவ விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் எண்ணெய் தெறிக்கும், மாவும் ஒரு பக்கம் வழிந்து வால் விடும். முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடவே கூடாது. அப்போது மாவு இன்னும் இறுகியிருக்காது, தொட்ட இடம் கிழிந்துவிடும். அதற்குப் பதிலாகச் சூடான எண்ணெயைக் கரண்டியால் அள்ளி மேல்பக்கம் ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் மாவு இறுகியதும் திருப்பலாம்.

ஒரு ஈட்டுக்கு மூன்று முட்டை போதும். நெருக்கிப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, போண்டா எண்ணெயில் ஊறிவிடும். மிதமான தீயில் மூன்று முதல் நாலு நிமிடம். கண்ணைவிடக் காதை நம்புங்கள். போட்டவுடன் சடசடவென்று பெரிய குமிழ்கள் வரும். மாவில் உள்ள நீர் வற்ற வற்ற அந்தச் சத்தம் குறைந்து, குமிழ்கள் சின்னதாகும். சத்தம் அடங்கி, நிறம் ஆழ்ந்த பொன்னிறமானால் எடுக்கலாம்.

ஜல்லிக்கரண்டியில் எடுத்து வாணலிமேலேயே ஒரு நொடி பிடித்து எண்ணெயை வடியவிட்டு, கம்பிச் சல்லடையிலோ துளை போட்ட கூடையிலோ ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். தட்டில் குவித்து மூடினால் தன் ஆவியிலேயே வியர்த்து நமத்துவிடும். செய்தித்தாளில் மட்டும் வைக்காதீர்கள். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் சூடான எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

விருந்தாளிகள் வருகிறார்கள், முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. முதலில் வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே, இரண்டரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் எண்ணெயை நன்றாகக் காயவைத்து ஒரு நிமிடம் மறுபடி பொரியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் உள்ளிருந்து மேலே வந்த ஈரமும் இரண்டாவது பொரிப்பில் போய்விடுவதால், ஒரே தடவையில் பொரித்ததைவிட இது அதிக நேரம் மொறுமொறுப்பாக நிற்கும்.

சாப்பிடும் விதமும் சில மாற்றங்களும்

எனக்குத் தேங்காய்ச் சட்னி போதும், பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் கொஞ்சம் தூக்கலாக. காரம் வேண்டுமென்பவர்கள் நாலு காய்ந்த மிளகாய், ஐந்து பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்கி அரைத்துக்கொள்ளலாம். சட்னியை மேலே ஊற்றாமல் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஆந்திரப் பக்கம் இதையே குட்டு பஜ்ஜி என்பார்கள். அங்கே பொரித்ததை நடுவில் கீறி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய்த் தூள், உப்பு சேர்த்து அடைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து தருவார்கள். ஒருமுறை அப்படிச் சாப்பிட்டால் விடமாட்டீர்கள். வெங்காயத்தைச் சாப்பிடும் நேரத்தில்தான் நறுக்க வேண்டும்.

பாதியாக வெட்டிப் போடுவதானால் வெடிக்கும் பயம் குறைவு, நேரமும் குறைவு, இரண்டரை நிமிடம் போதும். மஞ்சள் கரு தனியாக விழாமல் இருக்க, வெட்டிய பக்கத்திலும் உலர்ந்த மாவைத் தொட்டு, மாவில் முக்கியதும் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில் விடுங்கள். கொல்கத்தாவில் இதே பாதி முட்டையை மசாலாக் கொத்துக்கறியில் பொதிந்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து ‘டிமேர் டெவில்’ என்று விற்கிறார்கள். அதன் மேல்தோல் வேறு வகை மொறுமொறுப்பு.

மீந்த எண்ணெயை ஆறவைத்து, அடியில் தங்கிய கருகல் போகும்படி மெல்லிய துணியில் வடிகட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவோ வதக்கவோ தீர்த்துவிடலாம், மறுபடி பொரிக்க வேண்டாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அதில் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருட்கள், பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதி. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கறுத்து, குழகுழப்பாகி, சூடாக்கியதும் நுரைத்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

மாவு மீந்தால் வெங்காயத்தை வளையமாக நறுக்கி முக்கிப் போடுங்கள், கீரைத் தண்டோ கத்தரிக்காயோ இருந்தாலும் சரி. போண்டாவே மீந்துவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பாதியாக வெட்டி, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். மேல் மாவு மறுபடி மொறுமொறுப்பாகும், உள்ளேயும் சுடும். மைக்ரோவேவில் வைத்தால் மாவு தோல் மாதிரி இழுக்கும், முழு முட்டை என்றால் வெடிக்கவும் செய்யும்.